ராம்நாட்டில் டிரையத்லான் பயிற்சி: ஒரு குளம், இரண்டு கடல், ஒரு பஞ்சர் கடை

போன வருஷம் ஜூன் மாதம் கோவையிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்தது. வங்கி வேலையில் இதெல்லாம் வழக்கம்தான். ஆர்டரைப் பார்த்ததும் முதலில் தோன்றியது வாடகை வீடோ பையனின் பள்ளிக்கூடமோ இல்லை, இனி எங்கே நீந்துவது என்பதுதான் (வீட்டில் இதை யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்). கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 என்ற டிரையத்லான் போட்டிக்கு அப்போதே பணம் கட்டியாகிவிட்டது. அடுத்தடுத்து கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். பழைய கிளையில் வழியனுப்பும்போது “உங்களுக்கென்ன மேடம், ரெண்டு பக்கமும் கடல், குதிச்சா நீச்சல்” என்றார்கள். நானும் நம்பினேன். வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் ஒழுங்காக ஒரு கிலோமீட்டர் நீந்தினேன். அலைந்தது, ஏமாந்தது, கடைசியில் பழகிக்கொண்டது எல்லாவற்றையும் இங்கே கொட்டிவிடுகிறேன், ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் மாற்றலாகி வருகிற அடுத்த பைத்தியத்துக்கு உதவும்.

முதலில் குளம். நகரத்துக்குச் சற்று வெளியே ஒரு தனியார் நீச்சல் குளம், பெயர் வேண்டாம். போர்டில் படம் நீலமாக, பெரிதாக இருந்தது. நேரில் போய் ஓரத்தில் அடி மேல் அடி வைத்து அளந்தால் 18 மீட்டர்தான் வருகிறது. 1.9 கிலோமீட்டருக்கு நூற்றைந்து தடவைக்கு மேல் அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுத் திரும்ப வேண்டும், பரவாயில்லை, செக்கு மாடு மாதிரி நீந்திவிடலாம். ஆனால் பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் வேலை நாட்களில் காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. அந்த நேரத்தில் நான் நகைக்கடனுக்கு எடை பார்த்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை? “அன்னைக்கி ஃபேமிலி டைம்க்கா” என்றான் வாசலில் இருந்த பையன். ஃபேமிலி டைம் என்றால் காற்றடைத்த வாத்து, லாரி டியூப், அதன் நடுவே யாரோ ஒருவர் வேட்டியோடு. குளோரின் ஒரு வாரம் கண்ணாடியைத் தாண்டி எரியும், அடுத்த வாரம் படியில் பாசி வழுக்கும். நேரத்தை மாற்றித் தருகிறோம் என்று சொல்லி மூன்று மாதப் பணம் முன்கூட்டியே வாங்கினார்கள், மாற்றவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலாளி ஊரில் இல்லை. இன்றுவரை அவர் ஊருக்கு வரவில்லை. என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று, அதுவும் அந்தப் பையன் மரியாதையாகப் பேசியதற்காக. பெரிய குளத்தில் நேரம் அளந்து பார்க்க வேண்டுமென்றால் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம் இருக்கிறது, போக வர 230 கிலோமீட்டர் பக்கம் ஆகிவிடும். இரண்டு தடவை போனேன், அதற்கு மேல் கட்டுப்படியாகவில்லை.

சரி, கடல். புதிதாக வருகிற எல்லோரையும் போல நேரே ராமேஸ்வரம் போனேன். அக்னி தீர்த்தத்தில் தண்ணீர் தட்டில் ஊற்றின மாதிரி நிற்கும், உண்மைதான். ஆனால் அது நீராடுகிற இடம். விட்டுப்போன துணி காலில் சுற்றுகிறது, திதி கொடுக்க வந்த குடும்பங்களுக்கு நடுவே ரப்பர் தொப்பியும் நீச்சல் கண்ணாடியுமாக நிற்க எனக்கே கூச்சமாகிவிட்டது. அரிச்சல்முனையில் இறங்கலாமா என்று கேட்காதீர்கள். போலீஸ் விடாது, விடவும் கூடாது. இரண்டு கடல் சேருகிற முனை, மணல்திட்டு நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது, இழுப்பு அப்படி. 1966-ல் நீச்சல் வீரர் மிஹிர் சென் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து இந்தக் கரைக்குத்தான் நீந்தி வந்தார் என்று ஒரு நண்பர் உசுப்பேற்றினார். அவருக்குத் துணையாகக் கடற்படை வந்தது, எனக்குத் துணை கரையில் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டுக்காரர்.

கடைசியில் கிடைத்த இடம் அரியமான். உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் போகிற வழியில் இடது பக்கம் திரும்பினால் சவுக்குத் தோப்பு, அதை ஒட்டிக் கடற்கரை. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், இங்கே வெகு தூரம் நடந்தால்தான் இடுப்பளவு வரும். ஓரத்தில் தாழை ஒதுங்கிக் கறுத்துக் கிடக்கும். இந்தப் பக்கம் தாழை என்றால் தலையில் வைக்கிற தாழம்பூ இல்லை, கடல் புல். முதல் பத்து அடிக்கு நாற்றம் குடலைப் புரட்டும், அதைத் தாண்டினால் ஒன்றும் இல்லை. காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை படுத்திருந்தால் விலகிப் போய்விடும், மிதித்தால்தான் முள்ளால் அடிக்கும்.

முதல் நாள் தண்ணீர் அவ்வளவு அமைதி, கண்ணாடி மாதிரி. நானூறு மீட்டர் போயிருப்பேன், இடது கை திரும்ப வரவில்லை. ஏதோ பிடித்து இழுக்கிறது. தலையைத் தூக்கிப் பார்த்தால் ஐந்தாறு காலித் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக மிதக்கின்றன. குப்பை என்று நினைத்து அதன் நடுவேதான் வந்திருக்கிறேன். அது நண்டு வலை. என் கைக்கடிகாரத்தின் பொத்தானில் ஒரு கண்ணி மாட்டி, உதற உதற இன்னும் நாலு கண்ணி சுற்றிக்கொண்டது. தண்ணீர் நெஞ்சளவுதான், நின்றுவிட்டேன், ஆனால் படபடப்பில் அது நெஞ்சளவு என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. தூரத்தில் வத்தையில் (சின்ன நாட்டுப்படகு) இருந்த ஒரு பெரியவர் கழி ஊன்றிக்கொண்டு வந்தார். அவசரமே இல்லை.

“என்னத்தா, தலைமன்னாருக்கா கெளம்பிட்ட?”

“ஐயா, வலை மாட்டிக்கிச்சு. கத்தி இருந்தா அறுத்து விடுங்க.”

“அறுக்குறதா? நல்லா இருக்கே. கையத் தளத்து. இழுக்காத.”

வத்தையில் இருந்தபடியே குனிந்து, கட்டை விரல் நகத்தால் ஒவ்வொரு கண்ணியாகத் தள்ளி, கடிகாரப் பட்டையின் அடியில் ஒரு சுற்று திருப்பி எடுத்தார். ஒரு நூல்கூட அறவில்லை. அந்த விரல் நுனிகள் உப்பில் ஊறி வெடித்து, வெடிப்புக்குள் கறுப்பாக இருந்தன. எடுத்து முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் இடுப்பில் கட்டியிருந்த ஆரஞ்சு மிதவையைத் தட்டிப் பார்த்து, “இதப் பாத்துட்டு எவனோ வலைய இந்தப் பக்கம் விட்டுட்டான்னு நெனச்சேன்” என்றார்.

இந்த ஒரு வருஷத்தில் யாராவது எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்றால் அவர்தான். அன்றைக்கு வத்தையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டதை எந்தக் கோச்சும் சொன்னதில்லை. வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. அப்போது தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் விரிகுடா சும்மா கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, அப்போது தலைகீழ். வடக்குக் கடல் கலங்கி அலை ஏறும், தெற்குக் கடல் தெளிந்து கிடக்கும். வடக்கே அமைதியான பெண்கடல், தெற்கே கொந்தளிக்கும் ஆண்கடல் என்று ராமேஸ்வரத்தில் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், அது கச்சான் காலத்துக் கதை. ஆக, “நீந்த நல்ல இடம் எது” என்று கேட்டால் இங்கே யாரிடமும் பதில் கிடைக்காது. எந்த மாதம் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். நான் இரண்டு மாதம் கேள்வியையே தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் முக்கியம். கச்சானில் அரியமான் அமைதியாகத் தெரிவதற்குக் காரணம் காற்று கரையிலிருந்து கடலுக்குள் அடிப்பது. கரைப் பக்கம் மரமும் மேடும் மறைப்பதால் ஓரத்தில் அலையே இருக்காது. “தண்ணி படுத்துக் கெடக்கும், ஆனா ஒன்ன உள்ளுக்குத் தள்ளிக்கிட்டே இருக்கும். போறப்ப சொகமா இருக்கும், வாறப்பதான் தெரியும்” என்றார். அன்றிலிருந்து கடலுக்குள் நேராகப் போவதே இல்லை. கரைக்கு இணையாக, நின்றால் கால் தரைக்கு எட்டுகிற ஆழத்தில், முதல் பாதி எதிர்க்காற்றில், திரும்பும்போது காற்றோடு. மிதவை இல்லாமல் இறங்குவதில்லை. அந்த ஆரஞ்சு மிதவை காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும், அதனால் முழுக்க ஊதாமல் முக்கால்வாசி ஊதுங்கள்.

நாள் கணக்கும் உண்டு. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகு நாள். சனிக்கிழமை நாட்டுப்படகுகள் அதிகம் இறங்காது, கரையோரத்தில் வலை குறைவு, எனக்கும் இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை. பஞ்சாங்கமே எனக்காகப் போட்ட மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு மட்டும்தான் நிற்கும், நாட்டுப்படகு போகும், கடல் காலி என்று நினைத்துவிடாதீர்கள். மண்டபம் பக்கம் போகப் போக மூங்கில் தெப்பம் கட்டிக் கயிற்றில் பாசி வளர்க்கிறார்கள், அதற்கு ஐம்பது மீட்டர் தள்ளியே போங்கள், அது ஒரு குடும்பத்தின் வயல்.

பெண்களுக்காக ஒரு விஷயம். அரியமானில் கடை போட்டிருக்கும் ஒரு அக்கா சாவி, செல்போன் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார். கடைக்குப் பின்னால் கீற்றுத் தட்டி மறைப்பு, ஒரு வாளி நல்ல தண்ணீர், இருபது ரூபாய். குளத்தில் மூன்று மாதக் கட்டணத்துக்குக் கிடைக்காத வசதி இது. வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கிற ரப்பர் நீச்சல் உடை) வாங்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார், வேண்டாம். அயர்ன்மேன் விதிப்படி தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் அதைப் போட்டுக்கொண்டு பரிசுக்குப் போட்டியிட முடியாது, இங்கே வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதற்கு மேலேதான். முழுக்கை, முழுக்கால் மெல்லிய நீச்சல் உடை போதும், வெயிலுக்கும் ஆச்சு, சொறிக்கும் ஆச்சு. சொறி என்பது ஜெல்லி மீன். பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், கடல் தண்ணீரிலேயே கழுவிவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வையுங்கள். எனக்கு ஒரு தடவை கழுத்தில் பட்டு, கிளையில் இரண்டு நாள் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அரியமானுக்கு ஐந்துக்கு நாலரை, கச்சான் காலத்தில் மட்டும். வாடையில் அங்கே போனால் இரண்டு. அப்போது திருப்புல்லாணி தாண்டி சேதுக்கரை போய்விடுங்கள். தெளிவான தண்ணீர், ராமநாதபுரத்துக்குக் கிட்டத்தில். ஆனால் ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள், நிற்க இடம் இருக்காது. தெற்குக் கடலில் ஓரத்திலேயே பார் உண்டு, பாறையும் பவளமும், முட்டியைக் கிழித்துவிடும். மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் நீந்திப் போய்ப் படம் எடுத்துப் போடுகிற ஆசை வேண்டாம்.

சைக்கிள். கோவையில் மருதமலை ஏறி இறங்கிப் பழகியவளுக்கு இந்த மாவட்டம் சப்பாத்திக் கல். ஒரே மேடு பாம்பன் பாலம். 1988-ல் திறந்த சாலைப் பாலம், இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் வளைந்து ஏறும். ஏற்றப் பயிற்சி வேண்டும் என்று ஒரு காலை அதிலேயே ஐந்து தடவை போய்ப் போய் வந்தேன். நான்காவது தடவை அங்கிருந்த போலீஸ்காரர் நிறுத்தி, “ஏம்மா, எதையும் தொலைச்சிட்டீங்களா?” என்றார். பயிற்சி என்று சொன்னேன், அவர் நம்பவில்லை, ஐந்தாவது தடவை முடிகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தார். 2025-ல் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து அதைப் படம் எடுக்கக் கார்கள் கண்ட இடத்தில் நிற்கின்றன, விடிந்து ஏழு மணிக்கு மேல் அங்கே சைக்கிள் வேண்டாம்.

ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், கோவா போட்டிக்கு அளந்து வைத்த மாதிரி. ஆனால் அந்தச் சாலையில் அதிகாலையில் வருகிற வேன்களை நம்பாதீர்கள். ராத்திரி முழுக்க ஓட்டி, தீர்த்தமாடும் அவசரத்தில், கண் சொருகிக்கொண்டு வருகிறவர்கள். நான் இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, ஏர்வாடி தாண்டித் தெற்கேதான் போகிறேன். கச்சானில் போகும்போது முகத்தில் அடிக்கும், வேகம் மணிக்கு 22 கிலோமீட்டரைத் தாண்டாது, திரும்பும்போது சும்மா மிதிக்கலாம். களைத்த காலோடு எதிர்க்காற்றில் திரும்புவதைவிட இது எவ்வளவோ மேல். தனுஷ்கோடிச் சாலை, 2017-ல் அரிச்சல்முனை வரை போட்டது, வாழ்க்கையில் ஒரு தடவை ஓட்ட வேண்டிய சாலை. வாரா வாரம் ஓட்டுகிற சாலை இல்லை. காற்று மணலை வாரி ரோட்டில் போட்டிருக்கும், வளைவில் பிரேக் பிடித்தால் சறுக்கும், இரண்டு பக்கமும் உப்புச் சாரல். ஒரே வாரத்தில் என் செயினில் துரு பூத்தது.

துருவுக்கு மருந்து ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவுவது. குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊரில், காவிரித் தண்ணீர் வந்த நாளில் நான் சைக்கிளைக் குளிப்பாட்டியதைப் பார்த்து வீட்டுக்கார அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இப்போது நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கிறேன், ஒரு சொம்பு போதும்.

அப்புறம் கருவேலம் முள். இந்த மண்ணில் எதை வேண்டுமானாலும் தவிர்க்கலாம், சீமைக் கருவேலத்தைத் தவிர்க்க முடியாது. முதல் மாதத்தில் ஏழு பஞ்சர். அரண்மனைப் பக்கம் ஒரு சந்தில், பெயர்ப் பலகை இல்லாத ஒரு கடை. அந்த அண்ணன் என் டியூபின் வாயைப் பார்த்துவிட்டு, “இது என்னக்கா, ஊசி மாதிரி?” என்று கேட்டார், எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. ஆனால் நான் புது டியூப் போட்டுப் போட்டு மறுபடி பஞ்சரானதற்குக் காரணம் கண்டுபிடித்தது அவர்தான். முள்ளைப் பிடுங்கினால் நுனி உடைந்து டயருக்குள்ளேயே தங்கிவிடும், விரலால் தடவினால் தெரியாது. ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் வட்டமாக இழுத்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் பஞ்சு நூல் சிக்கி நின்றது. அங்கே குறடு வைத்து மயிரளவு நுனியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதே டயரில் இன்னும் இரண்டு இருந்தன. பழைய டியூப் ஒன்றை நீளவாக்கில் கிழித்து உள்ளே விரித்து விட்டார், எடை கொஞ்சம் கூடும், கூடட்டும். முப்பது ரூபாய் வாங்கினார். அதற்குப் பிறகு ஐந்து மாதத்தில் ஒரே ஒரு பஞ்சர். கோவையில் ஏசி போட்ட சைக்கிள் கடையில் சர்வீஸுக்கு ஆயிரத்தைந்நூறு கொடுத்தவள் நான். ஐந்துக்கு ஐந்து.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடிவதற்கு முன் முடித்துவிடுங்கள், புழுக்கம் ஆளை உருக்கும். சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தில் காலையில் நடப்பவர்கள் கூட்டம், வேகப் பயிற்சிக்கு நாலரை மணிக்கே போனால் உண்டு. நீண்ட ஓட்டத்துக்கு சக்கரக்கோட்டைக் கண்மாய்ப் பக்கம். மார்கழியில் பறவைகள் வந்திருக்கும், நாயும் இருக்கும், குச்சி எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டில் மட்டும் இந்த ஊர் எந்த ஊருக்கும் இளைத்ததில்லை. வழியில் தெம்புக்கு உறிஞ்சுகிற நூற்று இருபது ரூபாய் ஜெல் பாக்கெட்டை நிறுத்திவிட்டேன். கீழக்கரைத் தொதலைச் சின்னத் துண்டுகளாக வெட்டி பட்டர் பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, வேறென்ன வேண்டும்? வெயிலில் இளகிப் பையோடு ஒட்டிக்கொள்ளும், அது ஒன்றுதான் குறை. பங்குனி, சித்திரையில் வழியில் பதநீர் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் எட்டு மணிக்குள் குடித்துவிடுங்கள், முதல் தடவையிலேயே இரண்டு செம்பு வேண்டாம். அனுபவம்.

கோவாவில் நீச்சலை 51 நிமிடத்தில் முடித்தேன், கெடு ஒரு மணி பத்து நிமிடம். பெரியவரிடம் வந்து சொன்னபோது, “அங்க வலை இல்லையா?” என்று மட்டும் கேட்டார். ஒரு கிலோ நண்டு வாங்கிக்கொண்டு வந்தேன், பேரம் பேசவில்லை.

வருகிறவர்கள் பிரஸ்டா டியூப் (அந்த ஊசி மாதிரி வாய் உள்ளது) நாலைந்து கூடுதலாக எடுத்து வாருங்கள், இங்கே எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டை அந்தச் சந்துக் கடை அண்ணனிடம் கொடுத்துவைத்தால், ஊசி மூக்கு டியூப் என்று கேட்டு யார் வந்தாலும் விற்றுக் காசை எடுத்து வைத்திருப்பார். போன மாதம் என்னுடையதில் ஒன்று போயிருக்கிறது. வாங்கியது யார் என்று கேட்டேன், மண்டபத்துக்குப் புதுசாக வந்த ஒரு சார் என்றார். சார், இதைப் படித்தால் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அரியமான் வாருங்கள்.